உள்ளே போய்ப் போடும் ஷூ

“எதுக்கு அதைக் கையில வச்சிருக்க?”

அப்பா சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார். இடம், எங்கள் ஊர்ப் பெரிய தெருவின் நட்ட நடு. நேரம், காலை ஆறரை இருக்கும். வயலில் தேங்கிய மழைத் தண்ணீரை வடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். கேரியரில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு. என்னோடு தஞ்சாவூர் வரவேண்டும், குளித்து வேட்டி மாற்ற வீட்டுக்கு விரைந்துகொண்டிருந்தார்.

எனக்கும் கணுக்கால் வரை சேறுதான். முதல் நாள் நல்ல மழை. எங்கள் தெருவிலிருந்து பெரிய தெருவுக்கு வரும் களிமண் பாதையில் மழைக்கு மறுநாள் செருப்போடு நடந்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும், நாம் மட்டும்தான் வந்து சேருவோம். போதாததற்கு என் ரப்பர் செருப்பின் வார் அறுந்து இரண்டு நாளாகியிருந்தது. ஆகவே வெறுங்கால்.

தோளில் துணிப்பை. அதற்குள் புளிசோறும் சான்றிதழ்களும். கையில் புத்தம் புதிய வெள்ளை ஷூ. இரண்டு ஷூவின் கயிறுகளையும் சேர்த்து முடிந்து விரலில் தொங்கவிட்டிருந்தேன். பைக்குள் வைக்கத்தான் பார்த்தேன். அம்மா விடவில்லை.

“சோத்தோட செருப்பா? நல்லா இருக்குடி நீ படிச்ச படிப்பு!”

இன்னும் மண்ணையே மிதிக்காத ஷூ என்று சொல்லிப் பார்த்தேன். செருப்பு செருப்புதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

“போடு” என்றார் அப்பா.

“அப்பா, இது உள்ள போய்ப் போடுற ஷூப்பா.”

“இப்பப் போடு.”

அப்பா கத்துகிற மனிதர். கத்தினால் நாங்கள் யாரும் பயப்பட மாட்டோம். இப்படித் தணிந்த குரலில் பேசினால்தான் பயம். வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பால் வாங்கிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சேற்றுக் காலைப் புல்லில் தேய்த்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று தடுமாறி, ஷூவைப் போட்டுக்கொண்டேன். அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். நான் பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் அடியில் மணலும் களிமண்ணும் அப்புவது தெரிந்தது.

அன்று பத்து மணிக்குத் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வாலிபால் தேர்வு. என்னை எடுத்துவிட்டால் மூன்று வருடப் படிப்பு இலவசம். எடுக்காவிட்டால் திங்கட்கிழமை திருப்பூர் வேன். பனியன் கம்பெனிகளுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஒரத்தநாடு பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. என்னோடு பத்தாவது படித்த ஆறேழு பேர் ஏற்கெனவே போயாயிற்று. எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள் அம்மா. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டாவது முடித்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் வேறு என்ன செய்வாள்?

சிங்கப்பூர் பார்சல்

அண்ணன் சேகர் சிங்கப்பூர் போன கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: ஐ.டி.ஐ. முடித்து, வெல்டிங் டெஸ்ட் பாஸாகி, அங்கே கப்பல் கட்டும் இடத்தில் வேலைக்குப் போனான். எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள்.

ஷூ இல்லாத பிள்ளைகளை இனிமேல் பெரிய போட்டிகளில் இறக்க மாட்டார்களாம் என்று அவனுக்கு எழுதினேன். எங்கள் பள்ளியில் பன்னிரண்டு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ உண்டு. சுதந்திர தின அணிவகுப்புக்கு சாக்பீஸைக் குழைத்துப் பூசி எடுப்பார்கள். அணிவகுப்பு முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடும். எனக்குக் கிடைத்ததில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கும். மற்றபடி வாலிபாலோ கபடியோ, எல்லாம் வெறுங்கால்தான்.

நோட்டுத் தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கடிதத்தோடு அனுப்பினேன். நாற்று நட்டு நட்டு விரல்கள் விரிந்த கால். வரைந்து பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

முதல் பார்சலில் வந்தது ஓட்டப் பந்தய ஷூ. குதிகாலில் பஞ்சு மெத்தை வைத்ததுபோல் உயரம். ஆரஞ்சு, நீலம் என்று அதில் இல்லாத நிறமில்லை. தெருவே வந்து பார்த்தது. இரண்டாவது நாள் மைதானத்தில் பந்தை எடுக்கப் பக்கவாட்டில் பாய்ந்தேன். ஷூ ஒரு பக்கம் போனது, கணுக்கால் இன்னொரு பக்கம் போனது. பத்து நாள் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் துடித்துப் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷூ வாங்கிய கடைக்கே போய் நின்றிருக்கிறான். அன்று கடையில் இருந்த வயதான மலாய்க்காரர் முதலில் கேட்ட கேள்வி, “எந்த விளையாட்டு?” அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அண்ணனுக்குத் தெரியாது. கடையில் கூட்டமில்லை போலிருக்கிறது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் போட்டு, அடியைக் காட்டியிருக்கிறார். அண்ணன் அத்தனையையும் நான்கு பக்கக் கடிதமாக எழுதி அனுப்பினான்.

‘ஓடுற ஷூ முன்னால போறதுக்கு மட்டும்தான். அதனாலதான் குதிகாலில் மெத்தை. பக்கத்தில் பாய்ந்தால் கவிழ்த்துவிடும். உன்னைக் கவிழ்த்தது என் அறியாமை’ என்று தொடங்கியிருந்தான்.

குறுகிய தூரம் ஓடுபவர்களுக்குக் குதிகாலே கிடையாதாம், முன்பாதத்தில் ஆணி மட்டும்தானாம். கால்பந்து ஷூவில் புல்லைக் கவ்விப் பிடிக்கக் குமிழ் குமிழாகக் கட்டைகள். அதைப் போட்டுக்கொண்டு நம் ஊர்க் கட்டாந்தரையில் நடந்தால் கல்லின் மேல் நடப்பதுபோல் இருக்கும் என்று எழுதியிருந்தான். கூடைப்பந்துக்குக் கணுக்காலை மூடிப் பிடிக்கும் உயரம். டென்னிஸ்காரர்கள் காலை இழுத்து இழுத்து நிறுத்துவதால் அடி சீக்கிரம் தேயும், அதனால் தடித்த ரப்பர். எடை தூக்குபவர்களுக்கு மெத்தையே ஆகாது, அவர்கள் குதிகால் மரக்கட்டைபோல் இறுகி இருக்க வேண்டும். மல்யுத்த ஷூ காலுறை மாதிரி மெல்லிசு.

‘என் ஷூவும் விளையாட்டு ஷூதான்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தான். ‘முன்னால் இரும்புத் தகடு. மேலேயிருந்து ஏதாவது விழுந்தால் விரல் தப்பிக்கிற விளையாட்டு.’

அதை வாசித்து அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இன்று நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். என் மாணவிகள் மூன்று ஜோடி ஷூ வைத்திருக்கிறார்கள். வருட ஆரம்பத்தில் ஷூவைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பேன். மேடம் நிறையப் படித்திருக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அண்ணன் கடிதத்தைத்தான் ஒப்பிக்கிறேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மலாய்க்காரப் பெரியவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் எங்கிருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பார்சலில் வந்ததுதான் அந்த வெள்ளை ஷூ. குதித்து இறங்கும்போது அடி வாங்குவது முன்பாதம் என்பதால் அங்கே மெத்தை. குதிகால் தாழ்வு. அடியில் தேன் நிறத்தில் பிசுபிசுக்கிற ரப்பர். மரத்தளத்தில் கறை விழாது, வழுக்காது. கடிதத்தின் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்: ‘இதை ரோட்டில் போடாதே. அடியில் மண் ஏறினால் பிடிப்புப் போய்விடும். கையில் எடுத்துப் போய் உள்ளே போய்ப் போடு.’

உள்ளே போனால் கழற்றுவதுதான் நமக்குத் தெரியும். உள்ளே போய்ப் போடுவது என்பது அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. காலுக்குப் பழக்கவேண்டுமே என்று ஒருநாள் மாலை வீட்டுச் சிமெண்டுத் தரையில் போட்டுக்கொண்டு நடந்தேன். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கடிதம் வந்த அன்று அப்பா வீட்டில் இல்லை. வாய்க்காலில் எங்கள் முறைக்குத் தண்ணீர் வருகிறது என்று போய்விட்டார். ஷூ வந்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். எந்த மாதிரி ஷூ என்று நானும் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனங்களில் அதுவும் ஒன்று.

பெரிய தெரு

அப்பா இளைஞராக இருந்த காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் பெரிய தெருவில் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. தெருமுனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்குளில் இடுக்கிக்கொண்டும் போவார்களாம். அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கொள்ளலாம். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு பொங்கலுக்கு அப்பா ஒரத்தநாடு சந்தையில் டயர் செருப்பு வாங்கினார். திரும்பி வரும்போது தெருமுனையில் கழற்றவில்லை. போட்டுக்கொண்டே நடந்து வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்த நாளிலிருந்து ஊரில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த வருட அறுப்பு முழுவதும் எட்டு மைல் தள்ளி வேறு ஊருக்குப் போய் அறுத்தார். அப்போது அண்ணன் அம்மா வயிற்றில். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அம்மாதான். அப்பா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்துவிடுவார்.

கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் கழற்றுவதை நிறுத்தினார்கள். நான் பிறந்து வளர்ந்தபோது அப்படி ஒரு வழக்கம் இருந்த அடையாளமே இல்லை. நாங்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டுதான் அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போனோம். அது அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது என்று அப்போது நான் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைக்காத நாளில்லை.

அப்படிப்பட்ட மனிதர் எதிரே, அதே தெருவின் நடுவில், வெறுங்காலோடு, ஷூவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நான் வந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அண்ணன் கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுத்து வாசித்துக் காட்டியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. ஷூ போனால் போகிறது என்று தோன்றியது.

பேருந்தில்

தஞ்சாவூர் பேருந்தில் அப்பாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. சலவை வேட்டி, சட்டை, தோளில் துண்டு. என் காலைக் குனிந்து பார்த்தார். வெள்ளை ஷூ பாதி மண் நிறத்துக்கு வந்திருந்தது.

“உள்ள போய்ப் போடுறதுன்னா என்ன?” என்றார்.

கடிதத்தை எடுத்து முழுவதும் வாசித்தேன். ஓடுகிற ஷூ, கால்பந்து ஷூ, எடை தூக்குகிற ஷூ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இரும்புத் தகடு வரி வந்தபோது தலையைத் திருப்பி ஜன்னல் வழியே பார்த்தார். இரண்டு கோடு போட்ட வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா?”

“சொன்னேனேப்பா.”

“அந்த எடத்துல நின்னு சொன்னா எனக்குக் காது கேக்குமா?”

தஞ்சாவூர் வந்து சேரும்வரை என் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

குழாயடியில்

அந்தக் கல்லூரியின் உள்ளரங்கத்தில் அப்போதுதான் புதிதாக மரத்தளம் போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் ஸ்டெல்லா மிஸ் வாசலிலேயே நின்று, வந்த பிள்ளைகளின் ஷூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. அடியைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்ல ஷூ. யாரும்மா இதை ரோட்டுல போட்டுட்டு நடக்கச் சொன்னா?”

அப்பா எனக்குப் பின்னால்தான் நின்றார். நான் வாய் திறப்பதற்குள், “நான்தாங்க டீச்சர்” என்றார்.

மிஸ் ஒரு கணம் அவரைப் பார்த்தார். “வெறுங்கால்லயும் இந்தத் தரையில விட முடியாதுங்க. வழுக்கும்.” என்னிடம் திரும்பினார். “உன்னைக் கடைசிக் குழுவுல போடுறேன். அதுக்குள்ள சுத்தம் பண்ணிட்டு வா. இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

கடைசிக் குழுவுக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. அன்று மிஸ் அந்த முக்கால் மணியைக் கொடுக்காமல் போயிருந்தால் நான் இந்தத் தொடரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்பா ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார். குழாயடியில் குந்தி உட்கார்ந்தார். என்னைத் தொட விடவில்லை. “நீ போய்க் கையக் கால ஆட்டி வை, போ” என்று விரட்டினார். நான் போகாமல் தூண் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரப்பரில் ஓடும் வரிகளுக்குள் களிமண் இறுகிப் போயிருந்தது. கீழே கிடந்த ஈர்க்குச்சியை ஒடித்து ஒவ்வொரு வரியாகக் கீறி எடுத்தார். கழுவினார். மறுபடி கீறினார். தோளில் கிடந்த சலவைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். துண்டு அழுக்கானதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலில் காட்டினார். பிறகு தன் உள்ளங்கையை அடியில் அழுத்தி இழுத்துப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி துடைத்தார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கை இழுக்க வராமல் கீச்சென்று ஒட்டியது. அப்போதுதான் எழுந்தார்.

எங்கள் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் உள்ளே ஓடினேன். ஷூவோடு பின்னால் வந்த அப்பாவை வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

“செருப்பை இங்க விட்டுட்டு உள்ள கொண்டு போய்க் குடுங்க பெரியவரே.”

அப்பா நின்றுவிட்டார். உள்ளே கோட்டோரத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாரும் கழட்டணுமா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. போன வாரம் கலெக்டர் வந்தாரு. அவரும் இந்தா, இங்கதான் விட்டுட்டுப் போனாரு.”

அப்பா அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சரியாக அங்கேயே, மற்றவர்கள் செருப்பைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, தன் செருப்பை ஜோடி சேர்த்து விட்டார். ஷூவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, புது மரத்தளத்தின் ஓரமாக நடந்து வந்து என்னிடம் நீட்டினார்.

“காஞ்சிருச்சு. பயப்படாம ஆடு.”

முதல் பந்து எனக்கு வலது பக்கம் வந்தது. முன்பு கணுக்கால் சுளுக்கிய அதே பாய்ச்சல். நிற்க வேண்டிய இடத்தில் ஷூ நின்றது. அதன் பிறகு எனக்கு ஷூ ஞாபகமே வரவில்லை.

ஒரு நிபந்தனை

மதியம் ஸ்டெல்லா மிஸ் நான்கு பெயர்கள் வாசித்தார். மூன்றாவது பெயர் ஜெயக்கொடி. என் பெயர்தான் அது என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற பெண் இடித்த பிறகுதான் முன்னால் போனேன். சுவரோரம் நின்ற அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் வாட்ச்மேன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

“ஜெயக்கொடி, உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன்” என்றார் மிஸ். “கல்லூரி திறக்குற வரைக்கும் வாரா வாரம் சனிக்கிழமை இங்க பயிற்சி இருக்கு. ஷூவைப் போட்டுட்டு வரக் கூடாது. வீட்டுலேருந்து கையிலதான் எடுத்துட்டு வரணும். இன்னிக்கி மாதிரி இன்னொரு தடவை வந்தா பேரை எடுத்துடுவேன். சரியா?”

“சரிங்க மிஸ்” என்று சொன்னால் முடிந்தது. ஆனால் பேருந்து நிறுத்தத்துக்குப் பெரிய தெருவை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. பையில் சுற்றி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். மிஸ்ஸும் பார்த்தார்.

அப்பா சுவரை விட்டு முன்னால் வந்தார்.

“அவ தூக்க வேணாங்க டீச்சர். நான் தூக்கிட்டு வர்றேன்.”

அடுத்த சனிக்கிழமை காலையும், அதன் பிறகு கல்லூரி திறக்கும்வரை வந்த எல்லாச் சனிக்கிழமைகளிலும், அப்பா காலில் செருப்போடு எனக்கு முன்னால் பெரிய தெருவின் நடுவில் நடந்தார். என் ஷூ இரண்டும் அவர் உள்ளங்கைகளில் இருந்தன. பல் துலக்குகிறவர்கள் பார்த்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்வார்:

“எம்பொண்ணோடது. மண்ணுல படக் கூடாது.”